பெரியவர் பூஜை அறையில் இருந்த ஆடி மாதம்

நம் க்ரூப்பில் நேற்றுக் காலை ஒரு வீடியோ வந்தது, பார்த்தீர்களா? குட்மார்னிங் ரோஜாப்பூவுக்கும், சர்க்கரைக்கு வெண்டைக்காய்த் தண்ணீர் குடிக்கச் சொல்கிற டாக்டருக்கும் நடுவில் வந்தது. ஒரு சங்கு நண்டு தன் பழைய சட்டையை உரித்துப் போட்டுவிட்டுப் புதுசாக வெளியே வருகிறது. கீழே உங்களில் ஒருவர் 'பாவம், செத்துப்போச்சு போல' என்று எழுதி அழுகிற மூஞ்சி ஒன்றும் போட்டிருந்தார். யாரென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த மூஞ்சியைப் பார்த்ததும் நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். இதே தப்பை, கையில் உத்தியோகத் தகுதியோடு, என் அம்மா செய்திருக்கிறாள். அதைச் சொல்லாவிட்டால் எனக்கு இன்றைக்குச் சோறு இறங்காது. முட்டி வலி இருக்கிறவர்கள் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

சங்கு நண்டு தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அதன் உடம்பில் பின்பாதி மெத்தென்று இருக்கும், ஓடு கிடையாது. அதனால் காலியாகக் கிடக்கிற சங்கு எதிலாவது புகுந்துகொண்டு அதையே இழுத்துக்கொண்டு திரியும். வளர வளரப் பெரிய சங்காகப் பார்த்து மாறிக்கொள்ளும். புத்தகத்தில் துறவி நண்டு என்று போட்டிருக்கிறார்கள். அந்தப் பெயரை வைத்தவர், ஒரு நல்ல சங்குக்காக அவை போடுகிற அடிதடியைப் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன்.

அப்போது நாங்கள் பொழிச்சலூரில் வாடகைக்குக் குடியிருந்தோம். விமானம் சக்கரம் தெரிய எங்கள் தலைக்கு மேலேதான் இறங்கும். அது போகிற வரைக்கும் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடருவோம். எங்கள் தெருவில் பாதிச் சண்டைகள் அந்த இடைவெளியில் ஆறிப்போயின. அப்பா தாம்பரத்தில் டைப்பிங் வகுப்பு நடத்தினார். அம்மா ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அண்ணன் என்னைவிட நாலு வயது பெரியவன், அதனால் உலகத்தில் தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று நம்பியவன்.

முன்பக்கம் ஹவுஸ் ஓனரம்மா. அந்த ஊரின் பழைய குடும்பம். ஏரித் தண்ணீரில் நெல் போட்டுக்கொண்டிருந்தவர்கள், நிலமெல்லாம் மனையாகிப் போனபின் வீடு கட்டி வாடகைக்கு விட்டார்கள். ஓனரம்மாவுக்கு நிறைய விஷயங்கள் ஆகாது. சுவரில் ஆணி ஆகாது, கேட்டில் ஏறினால் ஆகாது, விருந்தாளி தங்கினால் ஆகாது. நண்டும் ஆகாது என்று அந்தக் கோடையில்தான் தெரிந்தது.

கோவளத்தில் எங்கள் அத்தை வீடு இருந்தது. அந்த வருஷம் கோடை லீவு முடிந்து திரும்பும்போது நான் ஒரு பிளாஸ்டிக் பையில் ஈர மணலோடு இரண்டு சங்கு நண்டுகளைக் கொண்டுவந்தேன். பஸ்ஸில் கேளம்பாக்கம் தாண்டுவதற்குள் ஒன்று பக்கத்து சீட்காரரின் வேட்டியைப் பிடித்துக்கொண்டது. அவர் நல்ல மனுஷர், "இறங்கும்போது மறக்காம எடுத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

பெரியதற்குப் பெரியவர் என்று பெயர் வைத்தேன். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வெள்ளைச் சங்கில் குடியிருந்தார். மெதுவாகத்தான் நடப்பார், விமானம் போனால் சட்டென்று உள்ளே போய் ஊதாநிறக் கொடுக்கால் வாசலை அடைத்துக்கொள்வார். சின்னவன் பொடியன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் விரிசல் விட்ட சிமெண்ட் தொட்டி ஒன்று கிடந்தது. அதில் மணலைக் கொட்டி இரண்டையும் விட்டேன். பெரியவர் தன்னுடையது என்று அண்ணன் உரிமை கொண்டாட ஆரம்பித்ததால், அம்மா கிறிஸ்மஸுக்கு மட்டும் போடுகிற சிவப்பு நெயில் பாலிஷை எடுத்துச் சங்கின் நெற்றியில் என் அடையாளமாக ஒரு பொட்டு வைத்தேன். அதோடு அவன் வாய் அடங்கியது.

தண்ணீர் விஷயத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சண்டை வந்தது. "கடல்ல இருந்து வந்தது, உப்புத் தண்ணிதான் வைக்கணும்" என்றார் அப்பா.

"தாகத்துக்கு யாராவது உப்புத் தண்ணி குடிப்பாங்களா? நல்ல தண்ணி வைங்க."

விமானம் ஒன்று வந்து போனது. இருவரும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். கடைசியில் இரண்டு கிண்ணம் வைப்பது என்று முடிவாயிற்று. ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் கல் உப்பு கரைத்த தண்ணீர். இரண்டும் வேண்டும் என்பதுதான் சரி என்று பல வருஷம் கழித்துப் படித்தேன். எங்கள் வீட்டில் அறிவு வேலை செய்யாத இடத்தில் பெரும்பாலும் சண்டை வேலை செய்துவிடும்.

ஓனரம்மா தூரத்தில் நின்றே சொல்லிவிட்டார். "நண்டுன்னா கொயம்பு வெக்கணும். வெச்சுகினு வேடிக்கை பாக்கறது இன்னா பயக்கம்?"

அதற்கப்புறம் அவர் தொட்டிப் பக்கமே வரவில்லை. நண்டு என்றால் மார்க்கெட்டில் விற்கிற நண்டு என்றே நினைத்துக்கொண்டார். இது சங்குக்குள் இருக்கிற ஜாதி என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொடியன்தான் முதலில் போனான். சில நாளாகச் சாப்பிடாமல் ஒரு மூலையில் சுருண்டு கிடந்தான். ஒருநாள் காலையில் பார்த்தால் சங்குக்கு வெளியே கால், கொடுக்கு, கண் எல்லாம் தனியாக உதிர்ந்து கிடக்கின்றன. சங்குக்குள்ளே வெளிறிப்போய் என்னவோ ஒன்று அசையாமல் இருந்தது. நான் போட்ட சத்தத்தில் அம்மா ஈரக் கையோடு ஓடி வந்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், ஹேர்பின்னால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, "போயிடுச்சும்மா" என்றாள். ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர்களிடம் சொல்கிற குரல் அது. மறுபேச்சே கிடையாது.

நான் அழுத அழுகையைப் பார்த்து அண்ணனுக்கே இரக்கம் வந்துவிட்டது. அவனே பாதிரியாராக நின்று அடக்க ஆராதனை நடத்தினான். குளிக்கிற தண்ணீர் ஓடுகிற கறிவேப்பிலைச் செடியடியில் சின்னதாகக் குழி தோண்டி, சங்கோடு பொடியனையும், உதிர்ந்த கால்களையும் வைத்து, மேலே பொலபொலவென்று மண் தூவினோம். ஐஸ் குச்சியில் சிலுவை கட்டி நட்டோம். அப்பா டைப்பிங் வகுப்பிலிருந்து வந்து தொப்பி இல்லாத தலையிலிருந்து தொப்பியைக் கழற்றுகிற மாதிரி செய்தார். எனக்குக் கோபம் வந்தது.

பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. காலையில் பல் தேய்த்துக்கொண்டு நிற்கிறேன், சிலுவை சாய்ந்திருக்கிறது. காற்று என்று நினைத்தேன். அது இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. பிறகு மண் லேசாக விரிந்து, புத்தம் புதிதாக, இளஞ்சிவப்பாக, பளபளவென்று ஒரு கால் வெளியே வந்தது. அப்புறம் இன்னொன்று. பொடியன் சிலுவையைத் தள்ளிவிட்டுக்கொண்டு வெளியே வந்து, கறிவேப்பிலைச் செடியைச் சுற்றி நடந்து, தொட்டி இருக்கிற பக்கம் திரும்பினான். நான் பேஸ்ட்டை விழுங்கிவிட்டேன்.

"இது வேற நண்டு" என்றாள் அம்மா.

"வேற நண்டு எப்படிம்மா வரும்? கோவளத்துல இருந்து பஸ் ஏறியா?"

"செத்தது எது, உசுரோட இருக்கறது எதுன்னு எனக்குத் தெரியாதா? எத்தனை வருஷம் சர்வீஸ்."

அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்கம்மா சொன்னா சொன்னதுதான். அந்த நண்டே வந்து நான் உயிரோட இருக்கேன்னு சொன்னாலும் கேக்க மாட்டா. விட்டுடு" என்றார். அம்மா அந்த நண்டைக் கடைசிவரை 'புது நண்டு' என்றுதான் சொன்னாள்.

ஆனால் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. செடியடியில் நான் தோண்டிப் பார்த்தேன். பழைய கால்கள் வெறும் கூடு, ஊதினால் பறக்கும். பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி நண்டும் உரிக்கிறது. உரித்த பிறகு உடம்பு கெட்டியாகிற வரைக்கும் அதை ஈர மண்ணுக்குள் சும்மா விடவேண்டும். நாங்கள் செத்ததென்று புதைத்தது அதற்குச் செய்த பெரிய உபகாரம். இன்னொன்றும் பார்த்தேன். வந்த ஒரு வாரத்துக்குள் பொடியன், தொட்டியில் நான் போட்டிருந்த, தன்னுடையதைவிடக் கொஞ்சம் பெரிய சங்கு ஒன்றுக்குக் குடிமாறினான். சட்டை உரித்தால் உடம்பு வளர்கிறது, பழைய வீடு போதவில்லை. இந்த இரண்டும் எனக்கு அப்புறம் கைகொடுத்த பாடங்கள்.

இதே சமயத்தில் ஓனரம்மா மாடி எடுக்க ஆரம்பித்திருந்தார். வீட்டுப் பக்கவாட்டில் லாரி மணல் மலையாகக் குவிந்து கிடந்தது. ஒருநாள் ஸ்கூல் விட்டு வந்தால் தொட்டியில் பெரியவரைக் காணோம். தொட்டிமேல் காயப்போட்டிருந்த சாக்கைப் பிடித்து ஏறிப் போயிருக்கிறார். சிமெண்ட் தரையில் ஒன்றும் தெரியவில்லை. மணல் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் சின்னச் சின்னப் புள்ளி, நடுவில் இழுத்துக்கொண்டு போன ஒரு கோடு. அது சுவரோரத்து மூலையில் போய் முடிந்தது. பெரியவர் சட்டை மாற்ற உள்ளே போய்விட்டார்.

தோண்டி எடுத்தால் செத்துப்போவார். எடுக்காவிட்டால் மாடித் தளத்தில் கான்கிரீட்டாகப் போவார். எனக்கு அன்றைக்குச் சோறு வேண்டியிருக்கவில்லை.

அந்த மூலையைச் சுற்றிச் செங்கல் அடுக்கினேன். மேஸ்திரியிடம் போய், "மேஸ்திரி அண்ணா, அந்த மூலை மணலை மட்டும் எடுக்காதீங்க, என் நண்டு உள்ள இருக்கு" என்றேன்.

"மணலுக்குள்ள இன்னா பாப்பா பண்ணுது?"

"சட்டை மாத்துது."

அவர் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு என் செங்கல் வரிசையை எட்டிப் பார்த்தார். "சரி. நான் அந்தாண்ட மூலைலேர்ந்து எடுத்துகினு வரேன். ஆனா தளம் போடற அன்னிக்கி மணல் பத்தலைன்னா என்னிய ஒண்ணும் கேக்கக் கூடாது."

ஓனரம்மாவிடமும் சொல்லிப் பார்த்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாடி சொல்ற? இது பாலாத்து மணலு. லோடுக்கு ஆளை அனுப்பிப் பாத்து எறக்கினது. இதுல நண்டு கிண்டுலாம் கெடையாது." அவர் மணலின் கற்பில் நான் சந்தேகப்பட்ட மாதிரி முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை ஆடி மாதம். ஆடியில் அவர்கள் தளம் போடமாட்டார்கள். ஆனி முடிவதற்குள் போட்டாக வேண்டும், இல்லையென்றால் ஆவணிதான். சிமெண்ட் லேசில் கிடைக்காத காலம் அது. சிமெண்ட் வரத் தாமதமானால் பெரியவர் பிழைத்தார். ஆடி மாதம் சீக்கிரம் பிறக்கவேண்டும் என்று இயேசுவிடம் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணின ஒரே கிறிஸ்தவப் பெண் நானாகத்தான் இருப்பேன். தினமும் மணல் குறைந்துகொண்டே வந்தது. மேஸ்திரி வாக்குத் தவறாமல் அந்தப் பக்க மூலையிலிருந்துதான் எடுத்தார், ஆனால் மலை குன்றாகி, குன்று மேடாகி, என் செங்கல் வரிசை பக்கத்தில் வந்துவிட்டது.

ஆடி பிறப்பதற்குச் சரியாக முன்னால் சிமெண்ட் வந்து சேர்ந்தது. நான் ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்றேன். வயிற்று வலி என்றேன். அம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்து, பையை மாட்டி அனுப்பிவிட்டாள். அந்த ஒரு விஷயத்தில் அவள் கணிப்பு தப்பாது.

சாயந்திரம் ஓடி வந்தேன். மாடியில் தளம் போட்டு முடித்து, ஈரம் பளபளக்கிறது. சித்தாள் பெண்கள் கைகால் கழுவிக்கொண்டிருக்கிறார்கள், பிரியாணி வாசனை அடிக்கிறது. மணல் இருந்த இடம் துடைத்துவிட்ட மாதிரி கிடக்கிறது. என் செங்கல்கள்கூட இல்லை. நான் பையோடு அப்படியே நின்றேன். தலைக்கு மேலே அவ்வளவு பெரிய தளம். அதில் எந்த இடத்தில் பெரியவர்?

மேஸ்திரி என்னைப் பார்த்ததும் முகம் வாடிப்போய்க் கிட்டே வந்தார். கையில் பேப்பர் பொட்டலம். "கடைசி வரிக்கும் தொடல பாப்பா. பத்தாம பூடுச்சு, ஓனரம்மா எடுக்கச் சொல்லிட்டாங்கோ. நான் கையாலதான் தள்ளிப் பாத்தேன். தோ, உன் நண்டு. செத்துக் கெடந்துச்சு. மனசைத் தேத்திக்க."

பிரித்தேன். கால்கள், கண்கள், ஊதாநிறக் கொடுக்கு, எல்லாம் இருந்தன. கையில் எடுத்தேன், கனமே இல்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன், அந்தப் பக்கம் தென்னை மரம் தெரிந்தது. கூடு. வெறும் கூடு. நான் ரோட்டில் நின்று குதித்தேன். "சட்டைதான் அண்ணா! சட்டையைக் கழட்டிப் போட்டுட்டார்!" என்று அந்தப் பிணத்தைத் தூக்கிக்கொண்டு வட்டம் சுற்றினேன். மேஸ்திரி பயந்துபோய்ச் சித்தாளைப் பார்த்து, "பாப்பாவுக்குத் தண்ணி குடு" என்றார்.

ஆனால் சட்டை இங்கே என்றால் சட்டைக்காரர் எங்கே? அந்தக் கேள்வி வந்ததும் குதிப்பதை நிறுத்திவிட்டேன். அண்ணன் மேலே தளத்தைக் காட்டினான். "அங்கதான். நம்ம தலைக்கு மேல நிரந்தரமா" என்றான். நான் அவனை அடித்தேன்.

அப்போதுதான் ஓனரம்மா முன்வாசலில் இருந்து கூப்பிட்டார். என்றைக்கும் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திப் பேசுகிறவர், அன்றைக்கு வாயெல்லாம் பல்லாக, "வாங்க புள்ளைங்களா, வந்து பாருங்க. எங்கூட்டுக்கு லட்சுமி வந்துகீறா" என்றார். பூஜை அறையில் ஒரு பித்தளைத் தட்டு. அதில் பச்சரிசி. அரிசிமேல் மஞ்சள் பூசி, மல்லிகைச் சரம் சுற்றி, வாய் கவிழ்த்து ஒரு வெள்ளைச் சங்கு.

"தளம் போடற நேரத்துல, பாலாத்து மணல்ல, கடைசி சட்டி வாரும்போது வந்துச்சு. வர்றப்பவே நெத்தியில குங்குமம் வெச்சுகினு வந்துகீது, பாருங்க. கழுவினேன், போவல. தேச்சேன், போவல."

சிவப்புப் பொட்டு. அம்மாவின் கிறிஸ்மஸ் நெயில் பாலிஷ்.

அண்ணன் என் தோளை நசுக்கிவிட்டான். வெளியே வந்ததும், "வாயைத் திறந்தே, நாளைக்கே வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க. சாமித் தட்டுல நண்டைக் கும்பிட்டிருக்காங்கடி" என்றான். உலகம் தெரிந்தவன் என்று சொன்னேனே, முதல் தடவையாக அவன் சொன்னதில் அர்த்தம் இருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பெரியவர் பிழைத்திருக்கிறார், ஆனால் இப்போதுதான் சட்டை உரித்தவர், உடம்பு மெத்தென்று இருக்கும். உப்புத் தண்ணீர் இல்லாவிட்டால் எத்தனை நாள் தாங்குவார்?

ஆடி பிறந்தது. கொஞ்ச நாள் சங்கு அசையவில்லை. பிறகு ஒரு காலை, தட்டின் ஒரு ஓரத்தில் வைத்தது இன்னொரு ஓரத்தில் இருந்ததாம். அடுத்தாற்போல விளக்குக்குப் பக்கத்தில் இருந்ததாம். படைத்த வாழைப்பழத்தில் கடித்த அடையாளம் இருந்ததாம். தேங்காய்ச் சில்லு சுரண்டியிருந்ததாம். தெருவே கூடிவிட்டது. ஆடி வெள்ளிக்கிழமை என்றால் முன்வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. பம்மலில் இருந்து ஓனரம்மாவின் ஓரகத்தி வந்து விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். அந்த ஓரகத்திதான், இந்த வீட்டில் மாடி எழும்பாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர்.

நான் பூக்கட்ட உதவுகிறேன் என்று வெள்ளிக்கிழமைதோறும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். பாவாடை மடிப்பில் ஒரு சின்ன மருந்து பாட்டில், அதில் உப்புத் தண்ணீர். யாரும் பார்க்காதபோது தட்டுக்குப் பக்கத்தில் இருந்த கிண்ணத்தில் ஊற்றிவிடுவேன். பெரியவர் அரிசிக்குள் பாதி புதைந்து, புதுக் கண்களை நீட்டி என்னைப் பார்ப்பார். அப்படி ஒரு ராஜ வாழ்க்கையை எந்தத் தொட்டியிலும் நான் கொடுத்திருக்க முடியாது. இருட்டு, குளிர்ச்சி, தினமும் தேங்காய், பழம்.

அம்மாதான் பயந்துபோனாள். நண்டு போன சோகத்தில் பெண் மதம் மாறுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு மட்டும் தனியாக பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் மனப்பாடம் ஆயிற்று. அப்பா, "பூதானே கட்டுறா" என்றதற்கு, "இன்னிக்குப் பூ, நாளைக்குக் காவடி" என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் கூட்டம் போனபிறகு பாட்டிலைத் திறந்தேன். பின்னால் குரல் வந்தது. "இன்னாடி ஊத்தற?"

பாட்டில் கையிலிருந்து நழுவவில்லை, ஆனால் வாய் நழுவிவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். கோவளம், தொட்டி, நெயில் பாலிஷ், உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர், எல்லாம். "வீட்டைக் காலி பண்ணச் சொல்லாதீங்க, ப்ளீஸ். இவருக்கு உப்புத் தண்ணி இல்லாட்டி செத்துடுவார்" என்று அழுதேன்.

ஓனரம்மா வெளிக்கதவைச் சாத்திவிட்டு வந்து, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வீட்டுக்காரி குடித்தனக்காரப் பெண்ணுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"எனுக்குத் தெரியும்டி" என்றார். "மொத மொத நவுந்துச்சே, அன்னிக்கே தெரியும். நான் வெளக்கேத்த வந்தேன், கால் நீட்டிகினு ஒக்காந்து தேங்காயைக் கொரிச்சுகினு கீது. கத்தலாம்னுதான் வாயைத் தொறந்தேன். அப்பால கத்தத் தோணல."

"ஏன்?"

"இந்த வூட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாள்லேர்ந்து படைக்கிறேன். பொங்கல் படைச்சேன், வடை படைச்சேன், கொயுக்கட்டை படைச்சேன். ஒரு சாமி ஒரு வாய் துன்னதில்ல. நான் படைச்சதை ஆச ஆசையா துன்னது இது ஒண்ணுதான்."

அவர் கண் கலங்கியிருந்தது. மேலே விமானம் போனது. பெரியவர் சங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சத்தம் அடங்கியதும் ஓனரம்மா தொடர்ந்தார். "உன் பொருளை வெச்சுக்கறது பாவம்தான். ஆனா ஊரைக் கூட்டிக் காட்டிட்டேன். என் ஓரகத்தி வுயுந்து கும்புட்டுட்டுப் போயிருக்கா. இப்ப நண்டுன்னு சொன்னா சிரிப்பா சிரிப்பாங்கோ. இன்னா பண்ணலாம், நீயே சொல்லு."

பெரியவர்கள் யாரும் என்னிடம் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. அதனாலேயே மூளை வேலை செய்தது. பொடியன் குடிமாறியது ஞாபகம் வந்தது. "இவருக்கு இப்ப இந்தச் சங்கு பத்தாதும்மா. பெரிசா ஒண்ணு வெச்சா அதுக்குப் போயிடுவார். அவரை நான் எடுத்துக்கறேன். சங்கு உங்களுக்கு."

அவ்வளவு பெரிய சங்கு ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரிந்து இருந்தது. அண்ணன் மேஜையில் பேப்பர் பறக்காமல் வைத்திருந்த பழுப்புச் சங்கு. காதில் வைத்தால் இரைச்சல் கேட்கும், யாரையும் தொடவிடமாட்டான். நான் கேட்டதும் முறைத்தான். பிறகு, "தளத்துக்குள்ள போயிட்டார்னு சொன்னேன்ல, அதுக்கு வெச்சுக்கோ" என்று என் கையில் கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தச் சங்கை அதற்கப்புறம் அவன் காதில் வைக்கவே முடியவில்லை, பாவம்.

தட்டில் வெள்ளைச் சங்குக்குப் பக்கத்தில் பழுப்புச் சங்கை வைத்துவிட்டு, ஓனரம்மாவும் நானும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தோம். பெரியவர் வந்தார். புதுச் சங்கை முகர்ந்தார். காலை உள்ளே விட்டு ஆழம் பார்த்தார். உருட்டிப் பார்த்தார். வாடகைக்கு வருகிறவர்கள்கூட அவ்வளவு நோட்டம் பார்க்கமாட்டார்கள். ஓனரம்மா பொறுமையிழந்து, "தண்ணி வசதிலாம் கீதாம், போயேன்" என்று கிசுகிசுத்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெரியவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு பழைய சங்கிலிருந்து மெதுவாக உருவி வெளியே வந்தார். மெத்தென்ற பின்பாதி சுருண்டு, அம்மணமாக, விளக்கு வெளிச்சத்தில் ஒரு கணம் நின்றது.

"ஐயே" என்றார் ஓனரம்மா, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு. "துணி மாத்திகினு கீதுடி. அந்தாண்ட திரும்பு."

நாங்கள் இருவரும் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தோம். திரும்பிப் பார்த்தபோது பெரியவர் பழுப்புச் சங்குக்குள் சௌகரியமாக இருந்தார். வெள்ளைச் சங்கு பொட்டோடு காலியாகக் கிடந்தது. ஓனரம்மா அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, துடைத்து, திரும்ப அரிசிமேல் வைத்தார். "உன் ஆளை நீ இட்டுகினு போ. என் லட்சுமி இங்கியே இருக்கட்டும்." ஆடிக்கு அப்புறம் லட்சுமி நடமாடுவதை நிறுத்திவிட்டாள். தளம் போட்டு முடிந்ததால் நிலையாகக் குடிவந்துவிட்டாள் என்று ஊரே ஒத்துக்கொண்டது. அம்மா கிறிஸ்மஸுக்கு நெயில் பாலிஷ் பாட்டிலைத் தேடி, ஏன் இவ்வளவு குறைந்திருக்கிறது என்று கேட்டாள். நான் அந்தச் சங்கீதத்தை ஒருமுறை ஒப்பித்துக் காட்டினேன்.

பெரியவர் அதற்கப்புறம் பல வருஷம் இருந்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொட்டிக்கு ஒரு தேங்காய்ச் சில்லு முன்பக்கத்திலிருந்து வரும். கேட்டில் ஏறினால் திட்டுவது மட்டும் நிற்கவில்லை.

போன மாதம் ஒரு கல்யாணப் பத்திரிகை வைக்க அந்தத் தெருவுக்குப் போனேன். வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி. ஓனரம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது. முதல் மாடியில் அவருடைய மருமகள் இருக்கிறாள், என்னை யாரென்றே தெரியாது. முன்னாடி குடியிருந்தோம் என்றதும் உட்கார வைத்து, காபி கொடுத்து, பூஜை அறையைக் காட்டினாள். பித்தளைத் தட்டு, பச்சரிசி, வெள்ளைச் சங்கு. பொட்டின்மேல் இத்தனை வருஷக் குங்குமம் ஏறி மேடாகியிருந்தது.

"இது ஆத்து மணல்ல பொட்டோட கெடைச்சதுங்க. ரொம்ப சக்தி" என்றாள்.

தட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேங்காய்ச் சில்லு. அதற்குப் பக்கத்தில் இரண்டு கிண்ணம் தண்ணீர்.

"ரெண்டு கிண்ணம் எதுக்கும்மா?"

"அத்தை சொல்லிட்டுப் போனது. ஒண்ணு நல்ல தண்ணி, ஒண்ணு உப்புத் தண்ணி. தெனமும் மாத்தணும், தேங்கா தவறவே கூடாதுன்னுவாங்க. ஏன்னு கேட்டா சிரிப்பாங்க, சொல்ல மாட்டாங்க. வேற எந்த வூட்லயும் இந்தப் பயக்கம் இல்லீங்க."

"கல் உப்புதானே?" என்றேன்.

"ஆமா, கல் உப்புதான். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் தலைக்கு மேலே வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். என் கண் தன்னால் சங்கின் பக்கம் போனது, யாரோ சட்டென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள் என்பதுபோல. சத்தம் தேய்ந்து அடங்கியது. அவள் பதிலுக்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை. இரண்டு கிண்ணத்தையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, பத்திரிகையை அவள் கையில் கொடுத்தேன்.